ஆவுடை பாத்த பாரிஸ்

பெட்டி மேல காலை வச்சுக்கிடுங்க தம்பி, பரவால்ல. அது என் பெட்டி இல்ல. ஏர்போர்ட்டுல ஒட்டுன சீட்டைப் பாத்துட்டு, ஐயா வெளிநாட்டுலருந்து வாரீயளான்னு கேக்கீய. நான் வரல. எம்பொண்டாட்டி வாரா. அந்தா, முன்னால மூணாவது வரிசை, சன்னலோரம், பச்சச் சேலை. அவதான் ஆவுடையம்மா. பக்கத்துல தலைமுடியக் கத்தரிச்சு விட்டுக்கிட்டு ஒரு அம்மா இருக்குல்லா, அது மெர்சி டீச்சர். பாளையங்கோட்டையில எங்க தெருதான். இந்தக் கூத்துக்கெல்லாம் அந்த டீச்சர்தான் காரணம்.

வியட்நாம் போயிட்டு வாரா. நான் இல்லாம. ஏழெட்டுப் பொம்பளைய சேந்துக்கிட்டு, ஆம்பளத் தொணையில்லாம. பாம்பையும் தவளையையும் பிடிச்சுத் திங்குற ஊருக்கு ஒரு சைவப்பிள்ளை வீட்டுப் பொம்பளை போயிட்டு வாரா. மத்தவளுவ எல்லாம் திருவனந்தபுரத்துலயே சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாளுவ. இவுக ரெண்டு பேரும் நானும்தான் பஸ் ஏறுனோம். கேக்கவே அசிங்கமா இருக்குல்லா?

வந்து எறங்கி ஒரு மணி நேரம் ஆகல, தை பொறந்ததும் மறுபடி போறோம் அத்தான்ங்கா. கேக்கல, கவனிங்க. சொல்லுதா. அதான் இந்த பஸ் திருநவேலி போய்ச் சேருறதுக்குள்ள அவ பக்கத்துல போயி உக்காந்து, இனிமே வீட்டை விட்டு ஒரு அடி நகரக்கூடாதுன்னு சொல்லியாகணும். வீட்டுல அவ தங்கச்சி வேற வந்து உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் சேந்துட்டா நம்ம பேச்சு எடுபடாது. பஸ்ஸுலயே முடிச்சிரணும். டீச்சர் வள்ளியூர்ல எறங்கிரும், மக வீடு அங்கன இருக்கு. அந்தச் சீட்டு காலியாகட்டும்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

என் பேரு தீத்தாரப்பன். ஈ.பி.யில அசிஸ்டெண்ட் எஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க நெனைப்பீய, இந்த மனுசன் பொண்டாட்டிய எங்கயும் கூட்டிட்டுப் போகாத கஞ்சன் போல, அதான் அவ ஓடிட்டான்னு. அதுதான் இல்ல! ஒரே வருசத்துல அஞ்சு நாடு காட்டியிருக்கேன். மலேசியா, சிங்கப்பூர், பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து. எங்க தெருவுல எவன் காட்டியிருக்கான்? என் சகலை சிங்கப்பூர் ஒண்ணைப் பாத்துட்டு வந்து பத்து வருசமா அதையே பேசிக்கிட்டுக் கெடந்தான். நான் ஒரே வருசத்துல அவன் வாயை அடைச்சேன்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன் தம்பி, வெளிநாடுங்கது பூராவும் அசிங்கம். போட்டோவுல பாக்கதோட நிறுத்திக்கிடணும்.

மொதல்ல மலேசியா. காலையில பலகாரம் திங்க ஹோட்டல்ல கீழ போனோம். வரிசையா வச்சிருக்கான். பளபளன்னு இருக்கு, நல்லாத்தான் இருக்குன்னு தட்டை எடுத்துக்கிட்டுப் போறேன். எனக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரன், இடுக்கியால எதையோ செவப்பா எடுத்தான். அந்தா ஆடுது. பன்னி! அதே இடுக்கியால ரொட்டிய எடுத்தான். அதே இடுக்கிய வைக்கான், அடுத்தவன் எடுக்கான். எனக்கு அப்படியே ஓங்கரிச்சுக்கிட்டு வந்துட்டு. தட்டை அங்கனயே வச்சுட்டு மேல ஓடியாந்துட்டேன். ஆவுடை என்னன்னா, நாம அந்தப் பக்கம் பழம் எடுத்துக்கிடுவோம் அத்தான்ங்கா. பழத்தையும் அவன் அதே கையாலதானே எடுத்திருப்பான்? பழமாம் பழம்!

டூர் கூட்டிட்டுப் போனவன் என்ன சொன்னான்? சார், சைவச் சாப்பாடு உண்டுன்னான். மத்தியானம் பாத்தா வடக்கத்திக்காரன் கடை. பன்னீரு. ராத்திரியும் பன்னீரு. மறுநாளும் அந்த சவத்துப் பன்னீரு. அது மேல ஒரு வெரக்கடை எண்ணெய் நிக்கி. மனுசன் திம்பானா அதை?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சிங்கப்பூர்ல மொதல் வேலையா ஒரு சின்ன கரெண்ட் குக்கர் வாங்குனேன். அரிசி, பருப்பு, கடுகு, மொளகா வத்தல், பெருங்காயம் எல்லாம் நம்மாளு கடையிலயே கெடச்சுது. அதுலருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் எங்களுக்கு எங்க சாப்பாடுதான். ரூம்ல சமைச்சா மணம் வந்துரும், ஹோட்டல்காரன் சத்தம் போடுவான். அதனால பாத்ரூம்ல சமையல். அங்க காத்தை வெளிய தள்ளுற ஃபேன் இருக்கும். கதவுக்கு அடியில ஈரத் துண்டை உருட்டி வச்சுட்டா ஒரு வாடையும் வெளிய போகாது. மேல சீலிங்குல புகையைக் கண்டு கத்துற வஸ்து ஒண்ணு வட்டமா இருக்கும். குளிக்கும்போது தலை நனையாம மாட்டுறதுக்கு ஒரு பிளாஸ்டிக் குல்லா வச்சிருப்பான் பாருங்க, அதை எடுத்து அந்த வஸ்து மேல மாட்டி விட்டுருவேன். முப்பது வருசம் கரெண்டுல கெடந்தவனுக்கு இது தெரியாதா? கூட வந்தவனுவ எல்லாம், சார் மூளையே மூளைன்னானுவ.

ஆவுடை காலையில நாலு மணிக்கு எந்திரிப்பா. அந்தக் குட்டிக் குக்கர்ல ஒரு நேரத்துல ஒண்ணுதான் செய்ய முடியும். மொதல்ல சோறு, பொறவு குழம்பு, பொறவு எனக்குக் காப்பிக்கு வெந்நி. எல்லாத்தையும் டப்பாவுல அடைச்சு, கைகழுவுற தொட்டியில பாத்திரத்தைக் கழுவிக் கவுத்திட்டு, அவ குளிச்சு வரதுக்குள்ள பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சிருவான். நல்லா வேலை செய்வா. அந்தக் கொறை சொல்லக்கூடாது.

ஆனா பஸ்ஸுல ஏறுனதும் தூங்கிருவா! அதான் எனக்கு ஆத்திரம். உலகத்தைப் பாக்கக் கூட்டிட்டு வந்திருக்கு, இவ வாயைத் தெறந்துக்கிட்டுத் தூங்குதா. இத்தாலியில ஒரு சாஞ்ச கோபுரம் இருக்கு, கேள்விப்பட்டிருப்பீய. எழுப்புதேன், எழுப்புதேன், கண்ணைத் தெறந்தா, சாஞ்சிருக்குன்னா, மறுபடி தூங்கிட்டா. ஊரு உலகமே வந்து பாக்குற எடம். சகலை பொண்டாட்டியா இருந்தா இப்படித் தூங்குவாளா?

பாரிஸைப் பத்திக் கேக்காதீய. கக்கூசுல தண்ணி கெடையாது. காயிதம்! காயிதத்தை வச்சுத் தொடைச்சுக்கிட்டு, மேல செண்டை அடிச்சுக்கிட்டு, கோட்டு சூட்டு போட்டு நடக்கான். தூ! அவன் கைய நீட்டுனா நான் கும்பிடு போட்டு நிறுத்திக்கிடுவேன். நான் வீட்டுலருந்தே ஒரு செம்பு கொண்டு போயிருந்தேன், அதனால மானத்தோட வந்தேன். ரோட்டுல பாத்தா ஆணும் பொண்ணும் வாயோட வாய வச்சுக்கிட்டு நிக்குதுவ. நாய் ஒண்ணு கடைக்குள்ள மேசை மேல உக்காந்திருக்கு, அதுக்கும் தட்டு வைக்கான். அந்தப் பெரிய டவரு இருக்கே, அதையும் பாத்தேன். இரும்புதானே? நான் எத்தனை டவரு ஏத்தியிருக்கேன், இதுல என்ன அதிசயம். ஆவுடைக்கு அன்னைக்கு ஒரே ஆசை, ராத்திரி அதுல விளக்குப் போடுவாங்களாம், பாக்கணும்னா. ராத்திரிக்கு ரசம் வைக்காண்டாமா? வயிறு ஒரு மாதிரி இருந்துச்சு எனக்கு. போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுதேன், நீ ரசத்தை வையின்னுட்டு நான் போயிட்டு வந்தேன். காட்டுனேன். நல்லா இருக்குன்னு சொன்னா.

இப்ப வாரேன், சுவிட்சர்லாந்துக்கு. என் வாழ்க்கையில அவ்வளவு அசிங்கப்பட்டதில்ல.

பேரு வாயில நொழையாத ஒரு ஊரு. பழைய காலத்து ஹோட்டல், மரத்தாலயே கட்டியிருக்கான். வெளிய பனி கொட்டிக் கெடக்கு. சாயந்தரம் எலுமிச்சம்பழச் சோறு வேணும்னு எனக்குத் தோணிட்டு. ஆவுடை, வத்தல் தாளிச்சா கமறும் அத்தான், வெறும் தயிர்ச்சோறு சாப்பிடுவோம்னா. நான் குல்லா மாட்டியாச்சு, துண்டு வச்சாச்சு, நீ தாளின்னுட்டேன். அவ தாளிச்சா. கடுகு வெடிச்சுது, வத்தலைப் போட்டா. அந்தக் கமறல் இருக்கே! நானே இருமிக்கிட்டு, என்னையறியாம ரூம் கதவைத் தெறந்துட்டேன். எனக்கென்ன தெரியும், வராந்தாவுலயும் அந்த வஸ்து ஒண்ணு வச்சிருப்பான்னு?

ஏயப்பா, அந்தச் சத்தம்! ஹோட்டல் பூராவும் கத்துது. அறையறையா இருந்தவன் எல்லாம் போட்ட துணியோட ஓடுதான். எங்களையும் ஒருத்தி வந்து பிடிச்சுத் தள்ளுதா. வெளிய வந்தா பனி. ஆவுடை நைட்டி மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு, கையில கரண்டியோட நிக்கா. செருப்புக் கூட இல்ல. செவப்பு வண்டி ரெண்டு வந்துட்டு. தீயணைக்கிறவனுவ முகமூடி மாட்டிக்கிட்டு உள்ள ஓடுனானுவ. கொஞ்ச நேரத்துல தும்மிக்கிட்டே ஒவ்வொருத்தனா வாரான். ஒருத்தன் கையில எங்க குக்கரு. கூட வந்தவனுவ எல்லாம் என்னைப் பாக்கானுவ. சார் மூளையே மூளைன்னவன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

இது வரைக்கும் கூட பொறுத்துக்கிட்டேன். அந்தக் குக்கரைத் தூக்கிக்கிட்டு வந்தவன் என்ன பண்ணுனான் தெரியுமா? ஆவுடை நடுங்குறதைப் பாத்துட்டு, அவன் போட்டிருந்த பெரிய கோட்டைக் கழட்டி அவ மேல போத்தி விட்டான்! எம்பொண்டாட்டி மேல! எவனோ ஒருத்தன்! மாட்டுக்கறி தின்னுட்டு, காயிதத்துல தொடச்சுட்டு வந்தவன் போட்ட கோட்டு. வேர்வையும் பொகையுமா நாறியிருக்கும். அதுக்கு மேல, அவன் குக்கரைக் காட்டி ஏதோ கேக்கான். இவ கரண்டியைக் காட்டி ஏதோ சொல்லுதா. பாஷை கெடையாது பாத்துக்கிடுங்க. அவன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தும்முற மாதிரி காட்டுதான். இவ சிரிக்கா! அந்த அசிங்கத்துல நிக்கோம், இவளுக்குச் சிரிப்பு.

நான் பக்கத்துல போயி, கழட்டுன்னேன். குளிருது அத்தான்னா. கழட்டுன்னேன். கழட்டிக் குடுத்துட்டா. உள்ள விடுறதுக்கு முக்கா மணி நேரம் ஆயிட்டு. பல்லு கிடுகிடுன்னு அடிக்க நின்னா, பாவம்தான். நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன், கழட்டிக் குடுத்திருப்பேன், ஆனா எனக்கு சைனஸ் உண்டும். மானம்னு ஒண்ணு இருக்குல்லா தம்பி? நீங்களா இருந்தா விட்டுருப்பீயளா?

என்ன, சன்னலுக்கு வெளிய பாக்கீய. சரி.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அன்னைக்குத்தான் மலை உச்சிக்கு ரயில்ல கூட்டிட்டுப் போற நாளு. அதுக்காகத்தான் சுவிட்சர்லாந்தே. அவ ஊர்லருந்து கெளம்பும்போதே சொல்லிக்கிட்டு வந்தா, நான் பனிய கையில அள்ளிப் பாக்கணும் அத்தான்னு. என்ன செய்ய? ரெண்டு பேரும் ரூம்ல கெடந்து வீணாக்கணுமா? நீ படுத்திரு, நான் பாத்துட்டு வாரேன்னேன். அந்தக் காய்ச்சலோட எந்திரிச்சு எனக்குத் தயிர்ச்சோறு பெசஞ்சு டப்பாவுல போட்டுக் குடுத்தா. கீழ ஆபீஸ்காரன்கிட்ட அந்தக் குக்கரைக் கெஞ்சி வாங்கி, சோறு மட்டும் வச்சிருக்கா. மேல போனேன். வெள்ளையா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. கண்ணு கூசுது. தயிர்ச்சோறைத் தின்னுட்டு வந்துட்டேன்.

இவ்வளவு காட்டியிருக்கேன். இதுக்கு அவ எனக்குச் செஞ்ச கைமாறு என்ன தெரியுமா?

ஆவணியில என் தங்கச்சி மக கல்யாணம். சங்கரன்கோவில்ல. சொந்தம் பூரா வந்திருக்கு. பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கோம். நான் அந்த டவரைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன், சகலை வாயைப் பொத்திக்கிட்டுக் கேக்கான். அப்ப என் தங்கச்சி, மதினி நீங்க சொல்லுங்க, பாரிஸ் எப்படி இருந்துதுன்னு ஆவுடைகிட்ட கேட்டா. மெர்சி டீச்சரும் அங்கனதான் இருந்தது.

ஆவுடை வெத்தலையை மடிச்சு வாயில போட்டா. பொறவு சொல்லுதா, வெள்ளை டைல்ஸ், ஓரத்துல நீலக்கோடு. கண்ணாடிக்கு மேல பிளக் பாயிண்ட். கொஞ்சம் எட்டித்தான் மாட்டணும். மலேசியாவுல கண்ணாடிக்குக் கீழயே இருந்துச்சு, அது வசதி. இத்தாலியில தொட்டி சின்னது, பாத்திரம் கழுவ முடியாது. சுவிட்சர்லாந்துலதான் சன்னல் உண்டும். சன்னல்ல மலையில பாதி தெரியும்.

மொதல்ல சகலைதான் சிரிக்க ஆரம்பிச்சான். சவம், அவன் சிரிச்ச சிரிப்பு! பந்தல் பூரா சிரிக்குது. என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைப்பேன்? அஞ்சு நாட்டைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனவனுக்கு, கக்கூசு கணக்கா பேரு வாங்கிக் குடுத்துட்டா. அவ சிரிக்கல. கேலி பண்ணியும் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன்னுட்டா. அதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

டீச்சரும் சிரிக்கல. அவ கைய பிடிச்சுக்கிட்டு என்னமோ கேட்டுக்கிட்டு இருந்துது. ரெண்டாவது மாசமே, டீச்சர் கூட வியட்நாம் போறேன்ங்கா. ஒனக்குப் பாம்பும் பல்லியும்தான் கெடைக்கும்னேன். அங்க புத்தர் கோயிலுக்குப் பக்கமெல்லாம் சைவக் கடை உண்டுமாம், டீச்சர் விசாரிச்சிருச்சுன்னா. அவ அண்ணன் போட்ட வளையலை டீச்சர்கிட்ட குடுத்து வித்து எல்லாத்தையும் முடிச்சுட்டா. குக்கரை எடுத்து வச்சுக்கோன்னேன். வேண்டாம் அத்தான், அது உங்களுக்கு இங்க வேணும்லான்னா. சோறு வைக்க சொல்லிக் குடுத்துட்டுப் போனா. ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. எனக்கு எதுக்கு அந்தக் கணக்கு? ஒரு நாள் வச்சேன், கூழாட்டம் வந்துட்டு. பொறவு பூராவும் பிரெட்டுதான். மலேசியாவுல தொடாம ஓடியாந்தேன்லா, அதே சவத்தைக் காப்பியில முக்கி முக்கித் தின்னேன். வாயெல்லாம் கசப்பு.

இன்னைக்குக் காலையில ஏர்போர்ட்டுக்கு வெளிய நிக்கேன். ஆளுக்கு ஆள் வாரான், இவளைக் காணோம். அப்ப உள்ளருந்து ஒரு சிரிப்புச் சத்தம். எவளோ வெக்கமில்லாம, வாய்விட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு வாரா. ச்சீ, பொம்பளை இப்படியா சிரிப்பான்னு அருவருப்பா நிமிந்து பாக்கேன். பச்சச் சேலை. ஆவுடை!

எனக்கு ஆவுடைன்னே தெரியல தம்பி. கட்டி முப்பத்தஞ்சு வருசம் ஆகுது. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும்னு எனக்குத் தெரியாது. சத்தத்தை வச்சு அவளைக் கண்டுபிடிக்க முடியல, பாத்துக்கிடுங்க. தலையில கூம்பு மாதிரி ஓலைத் தொப்பி, அந்த ஊரு தொப்பியாம். டீச்சர் தோள்ல கைய போட்டுக்கிட்டு வாரா.

அப்ப என்னைப் பாத்தா.

பாத்ததும் நின்னுட்டு. சிரிப்புதான், வேற என்ன. சுவிட்சை அமத்துன மாதிரி நின்னுட்டு. தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டா. பக்கத்துல வந்து, சாப்பிட்டீயளா அத்தான்னா. பாருங்க, எவ்வளவு மரியாதை. வெளிநாடு போயிட்டு வந்தும் புருசனைப் பாத்தா ஒரு இது இருக்குல்லா? அப்படித்தான் நானும் நெனைச்சேன். பஸ் ஏறுற வரைக்கும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தா, வள்ளியூர் வந்துட்டு. டீச்சர் எறங்குது பாருங்க. கையக் கையப் பிடிச்சுக்கிடுதாளுவ. போ தாயி, போ, புண்ணியமாப் போ.

ஆமா, சீட்டு காலிதான். தெரியுது. இந்தா போறேன். என்ன சொல்லணும்? ஆவுடை, இத்தோட போதும். அவ்வளவுதானே. இதுக்கு என்ன யோசனை.

பஸ் கெளம்பிட்டு, ஆட்டத்துல எந்திரிக்க முடியல.

அந்தப் பக்கத்துச் சீட்டுல மல்லியப்பூ வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு இருக்கே, அதுகிட்ட போனைக் காட்டிக்கிட்டு இருக்கா, பாத்தீயளா? படம் காட்டுதா. அந்தத் தொப்பிய எடுத்து அந்தப் பொண்ணு தலையில வைக்கா. எதுக்கு இந்தக் கூத்து, பஸ்ஸுக்குள்ள, எல்லாரும் பாக்க...

கேக்குதா தம்பி? இதுதான். காலையில கேட்ட அதே சத்தம். கண்டக்டரே திரும்பிப் பாக்கான். கொஞ்சமாவது அடக்கம் இருக்கா பாருங்க.

இல்ல, நீங்க எந்திரிக்காண்டாம். வழி விடாண்டாம். நான் பக்கத்துல போயி உக்காந்தா நிப்பாட்டிருவா. காலையிலதான் பாத்தேனே. அவளை ஒண்ணுமே சொல்லாண்டாம், நான் போயி நின்னாப் போதும், நிப்பாட்டிருவா.

திருநவேலிக்கு இன்னும் நேரம் கெடக்கு. அந்தப் பெட்டியக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.